'தகுதியுள்ள' என்ற ஒரு சொல்

2021 மே மாதத்தின் நடுப்பகுதி. கரோனா இரண்டாம் அலையால் முழு ஊரடங்கு. காவிரிப் படுகையில் உள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அப்போது நான் செயலாளராக இருந்தேன். சங்கம் நடத்தும் நியாயவிலைக் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் வரைந்து, டோக்கன் வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தியிருந்தோம். புதிய அரசு அறிவித்த கரோனா நிவாரணம் ரூ.4,000-இல் முதல் தவணையான ரூ.2,000 வழங்கிக்கொண்டிருந்த நேரம் அது. தேர்தல் முடிவு வெளியாகி இரண்டு வாரங்கள்தான் ஆகியிருந்தன.

தேநீர்க் கடைகள் மூடியிருந்ததால் ஊரின் அரசியல் விவாதம் முழுவதும் அந்த வரிசையில்தான் நடந்தது. பெட்ரோல் விலை லிட்டருக்கு ஐந்து ரூபாய் எப்போது குறையும் என்று ஓர் இளைஞர் கேட்டார். "முதல் கையெழுத்து அஞ்சு போட்டாச்சு, மீதிய மெதுவாத்தான் போடுவாங்க" என்றார் துண்டை முகத்தில் சுற்றியிருந்த ஒரு பெரியவர். பணமே இல்லாத கஜானாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று இன்னொருவர் புதிய அரசுக்காக வாதாடினார். அப்போது விவசாயக் கூலி வேலை செய்யும் ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "அஞ்சு பவுனு வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடின்னு சொன்னாங்களே சார், நம்ம சங்கத்துல வச்சதும் அதுல சேருமா?" என்று கேட்டார்.

அவருடைய மூன்று பவுன் தாலிச் சங்கிலி எங்கள் பெட்டகத்தில் இருந்தது. "கூட்டுறவுச் சங்கம்னா எல்லாம் சேரும்மா" என்று சொல்லிவிட்டேன். அறிவிப்பில் அப்படித்தான் இருந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறையில் இருந்த நான், அரசாணை வராத ஒன்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு தேர்தல் வாக்குறுதி வாக்காளரின் கைக்கு வந்து சேர்வதற்குள் அது கடக்க வேண்டிய வழி நீண்டது. வெற்றி பெற்ற கட்சி ஆட்சி அமைக்கிறது, அமைச்சரவை கூடுகிறது, நிதித் துறை கணக்குப் பார்க்கிறது, நிதிநிலை அறிக்கையில் தொகை ஒதுக்கப்படுகிறது, துறையின் சார்பில் அரசாணை வெளியாகிறது, அதன்பின் வழிகாட்டு நெறிமுறைகள் வருகின்றன. கடைசியாகச் சொன்ன இரண்டையும் பொதுமக்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. மேடையில் 'அனைவருக்கும்' என்று ஒலித்தது அங்கேதான் 'தகுதியுள்ள அனைவருக்கும்' என்று மாறுகிறது. தேர்தலுக்குப் பிந்தைய விவாதங்களில் 'நிறைவேற்றினார்களா, இல்லையா' என்று மட்டும் கேட்கிறோம். 'யாருக்கு நிறைவேற்றினார்கள், அதை எப்போது சொன்னார்கள்' என்பதே உண்மையான கேள்வி என்பது என் கருத்து.

என் பணிக்காலத்தில் பார்த்த தள்ளுபடிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, பதவியேற்பு மேடையிலேயே கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்திட்டது. மொத்தம் சுமார் ரூ.6,866 கோடி. சிறு விவசாயி, பெரு விவசாயி என்ற பாகுபாடு அதில் இல்லை. அப்போது நான் எழுத்தர். பேரேட்டில் நிலுவை உள்ளவர்களின் பெயர்களை எழுதி அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்தது. சண்டை ஒன்றுகூட இல்லை என்று சொல்ல மாட்டேன், பொன்னை அடகு வைத்தாவது தவணை தவறாமல் கடனைக் கட்டி முடித்தவர்கள் வந்து, "ஒழுங்காக் கட்டுனது தப்பாய்யா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த அரசாணையிலும் விடை இல்லை. எனினும் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

2016-இல் நிலைமை வேறு. மே 23 அன்று பதவியேற்ற ஜெயலலிதா முதலில் கையெழுத்திட்ட கோப்புகளில் பயிர்க்கடன் தள்ளுபடியும் ஒன்று. ஆனால் அது சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டுமே. அதாவது ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு. காகிதத்தில் இது நியாயமான எல்லைக்கோடு. ஊரில் அந்தக் கோடு எங்கெங்கோ வளைந்தது. தந்தை இறந்து இருபது ஆண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். மூன்று பிள்ளைகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு மூன்று ஏக்கர் உழுவார்கள். பதிவேட்டிலோ ஒன்பது ஏக்கர் நிலம். ஐந்து ஏக்கர் பத்து சென்ட் வைத்திருந்த ஒருவர் அந்தப் பத்து சென்ட்டைத் தெருவுக்கே தானமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னது நினைவிருக்கிறது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விவசாயிகள் அனைவருக்கும் தள்ளுபடியை விரிவாக்க வேண்டும் என்று 2017 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதனால் கூடுதலாகப் பயன்பெறவிருந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். கூடுதல் செலவு சுமார் ரூ.1,980 கோடி. அரசு மேல்முறையீடு செய்தது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நிலத்தின் அளவை வைத்துப் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது அல்ல. ஒரு திட்டம் தேர்தல் வாக்குறுதியிலிருந்து பிறந்தது என்பதற்காகவே அதைச் சந்தேகத்துடன் பார்க்க வேண்டியதும் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஐந்தரை ஆண்டுகள் நீதிமன்றத்தை நம்பியிருந்தவர்களின் கணக்கில் வட்டி அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அதே மாதத்தில்தான், 2021 நவம்பர் தொடக்கத்தில், நகைக்கடன் தள்ளுபடிக்கான அரசாணை எங்கள் சங்கத்துக்கு வந்தது. அதற்கு முன் இரண்டு மாதங்கள் ஒவ்வொரு நகைப்பையையும் எடுத்துச் சரிபார்த்திருந்தோம். அந்தத் தணிக்கை அவசியமானதே. அதைக் குறைசொல்ல மாட்டேன். மாநிலத்தின் சில சங்கங்களில் போலி நகைகளுக்குக் கடன் கொடுக்கப்பட்டிருந்ததும், ஒரே ஆள் பெயரில் எண்ணற்ற கடன்கள் இருந்ததும் அப்போதுதான் வெளிப்பட்டன. தேர்தல் நெருங்கும்போது தள்ளுபடி வரும் என்று மோப்பம் பிடித்துக் கடன் வாங்கியவர்களும் இருந்தார்கள். பொதுப்பணத்தைக் காப்பதற்கு நிபந்தனைகள் வேண்டும்தான்.

ஆனால் அரசாணையின் நிபந்தனைகளைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. 40 கிராம் என்பது ஒரு கடனுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு. குடும்ப அட்டையில் உள்ள அனைவரும் மாநிலத்தின் எந்தக் கூட்டுறவு நிறுவனத்தில் அடகு வைத்திருந்தாலும் அந்த எடைகள் அனைத்தும் கூட்டப்படும். மொத்தம் 40 கிராமைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு மட்டும் அல்ல, முழுவதற்குமே தள்ளுபடி கிடையாது. 2021-இல் பயிர்க்கடன் தள்ளுபடி பெற்ற குடும்பத்துக்கு இல்லை. அரசு ஊழியர் உள்ள குடும்பத்துக்கு இல்லை. பொருளில்லா அட்டைக்கு இல்லை. கூட்டுறவு நிறுவனப் பணியாளர் குடும்பத்துக்கும் இல்லை. என் மனைவியின் வளையல் இரண்டும் அதே பெட்டகத்தில்தான் இருந்தன. அதைப் பற்றி வீட்டில் நடந்த உரையாடல் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

மாநிலம் முழுவதும் கணக்கில் எடுக்கப்பட்ட கடன்கள் 48 லட்சத்துக்கும் மேல். அவற்றுள் சுமார் 35 லட்சம் தகுதியற்றவை என்று டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. எதிர்க்கட்சிகள் இதை ஏமாற்று என்றன. அரசுத் தரப்பு, ஏழைகளுக்கு மட்டும் சென்று சேரும்படி செய்திருக்கிறோம் என்றது. இரண்டு வாதங்களிலும் ஓரளவு உண்மை உண்டு. எங்கள் சங்க வாசலில் பட்டியலை ஒட்டிய நாளில், கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் இந்த இரு வாதங்களாலும் பயனில்லை.

இதே அரசின் இன்னொரு வாக்குறுதியோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கான கோப்பில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 2021 மே 7 அன்று கையெழுத்திட்டார். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. எப்படி இவ்வளவு விரைவாக முடிந்தது? புதிய சட்டம் தேவையில்லை. பயனாளிப் பட்டியல் தேவையில்லை. போக்குவரத்துக் கழகங்கள் அரசுக்குச் சொந்தமானவை. இழப்பை ஈடுகட்ட ஆண்டுக்கு ரூ.1,200 கோடி மானியம் என்று மதிப்பிட்டார்கள். இதற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. இத்திட்டத்திலும் நிபந்தனை இருந்தது. அது பெண்ணின் மேல் அல்ல, பேருந்தின் மேல் வைக்கப்பட்டது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்றால் இலவசம். விரைவுப் பேருந்து என்றால் இல்லை. ஏறும் பெண்ணிடம் வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை. வசதி உள்ளவர் தாமாகவே வேறு வண்டியில் போய்விடுவார். நகரப் பேருந்தே ஓடாத ஊர்களின் பெண்களுக்கு இதனால் பயனில்லை என்பது பெரிய குறை. மலைப்பகுதிகளுக்குத் திட்டத்தை விரிவாக்குவதாக 2024 நிதிநிலை அறிக்கையில்தான் அறிவித்தார்கள். ஆனாலும் தகுதிப் பட்டியலை ஒட்டிவிட்டு அதன் கீழே கூட்டத்தை நிறுத்தாத திட்டம் அது.

நியாயவிலைக் கடை அரிசியும் இப்படித்தான். 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துப் பொது விநியோகத்தைப் பிரித்தபோது, தமிழ்நாடு அதைப் பின்பற்றாமல் அனைவருக்குமான முறையையே தொடர்ந்தது. 2006-இல் கிலோ இரண்டு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி என்று ஆட்சிகள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. அரிசி அட்டை வேண்டுமா, சர்க்கரை அட்டை வேண்டுமா என்பதைக் குடும்பமே முடிவு செய்யலாம். முப்பது ஆண்டுகளில் ரேஷன் அரிசியின் தரம் பற்றி ஆயிரம் புகார்கள் கேட்டிருக்கிறேன். 'எனக்கு ஏன் இல்லை' என்ற புகார் அரிது.

மகளிர் உரிமைத் தொகையின் கதை வேறு. தேர்தலின்போது மக்கள் கேட்டது, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.1,000 என்பதைத்தான். 2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் ரூ.2,63,976 பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. அந்த ஒரு தொகையிலேயே பல வாக்குறுதிகள் தள்ளிப்போகும் என்பது புலப்பட்டது. நான்கு நாட்கள் கழித்து வந்த நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய்க்குப் பதில் மூன்று ரூபாய் குறைந்தது, டீசலுக்குக் குறையவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆனபின், 2023 மார்ச் 20-இல், 'தகுதி வாய்ந்த குடும்பத் தலைவிகளுக்கு' உரிமைத் தொகை செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் என்றும், அதற்கு ரூ.7,000 கோடி ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார்கள்.

அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். பழக்கதோஷத்தில் செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதங்கள். ரூ.7,000 கோடியை ஏழால் வகுத்தால் மாதம் ரூ.1,000 கோடி. ஆளுக்கு ரூ.1,000 என்றால் ஒரு கோடிப் பெண்கள். மாநிலத்தில் குடும்ப அட்டைகளோ இரண்டு கோடிக்கு மேல். ஆக, யார் தகுதியானவர் என்று ஒரு விண்ணப்பமும் பெறாத நாளிலேயே எத்தனை பேர் தகுதியானவர்கள் என்பது முடிவாகியிருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழ், நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவான மின்சாரம், கார் கூடாது என்ற அளவுகோல்கள் பின்னர் வந்தன. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, சுமார் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள்.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு ரூ.24,000 கோடிக்கு மேல் வேண்டும். 2017-இல் சரக்கு, சேவை வரி வந்த பிறகு மாநில அரசு தானாகவே கூட்டவோ குறைக்கவோ கூடிய வரிகள் பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி என்று சுருங்கிவிட்டன. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தச் சுவரில் முட்டித்தான் ஆக வேண்டும். இந்தச் சுவர் தேர்தலுக்கு முன்பும் அங்கேயேதான் இருந்தது என்பதுதான் என் மனத்தாங்கல்.

பணம் மட்டும் தடையல்ல. நீட் விலக்கு வாக்குறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம் 2021 செப்டம்பரில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் தெரிவித்தார். கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 'முயல்வோம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'செய்வோம்' என்று சொன்னதன் விலையை, அதை நம்பிப் படிப்பைத் திட்டமிட்ட மாணவர்கள் கொடுத்தார்கள்.

இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொன்ன முழக்கம் ஒன்று தமிழ்நாட்டுத் தேர்தல் வரலாற்றில் உண்டு. 1967-இல் அண்ணா முன்வைத்த 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி எங்கள் கனவு. ஒரு படி எங்கள் உறுதி. இரண்டையும் பிரித்தே சொன்னார். அதுவும் முழுமையாக நிறைவேறவில்லை. சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய ரூபாய்க்கு ஒரு படித் திட்டம், நிதிச்சுமையால் மாநிலம் முழுவதற்கும் பரவவில்லை. அன்று எங்கள் கிராமத்தில் அதைப் பற்றி எவ்வளவு எரிச்சலாகப் பேசினார்கள் என்பதை என் தந்தையார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எதைக் கொண்டு அந்த அரசை அளப்பது என்பது வாக்காளருக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? அதிகம் வராது. இலவசத் தொலைக்காட்சி, மடிக்கணினி போன்ற அறிவிப்புகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடர்ந்த வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பின்படி தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கைக்கான பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதியின் நியாயத்தையும் அதற்கான நிதி வழியையும் பொதுவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது அது. நிதி எங்கிருந்து வரும் என்று கேட்கும் விதி, யாருக்குச் சேரும் என்று கேட்கவில்லை. எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் அதில் ஒரு வரி சேர்ப்பேன்: பலன் பெறுவோருக்கு நிபந்தனை உண்டென்றால் அதை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். இதனால் வாக்குகள் குறையும் என்று கட்சிகள் அஞ்சும். குறையட்டுமே.

சங்க வாசலில் பட்டியல் ஒட்டிய நாளுக்கு வருகிறேன். மூன்று பவுன் வைத்திருந்த அந்த அம்மாளின் பெயர் தகுதியற்றோர் பட்டியலில் இருந்தது. அவருடைய மகன், பக்கத்து ஊர்ச் சங்கத்தில் இரண்டரைப் பவுன் மோதிரமும் சங்கிலியும் வைத்திருக்கிறார். மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப அட்டையை மட்டும் பிரிக்கவில்லை. இருவரின் எடையும் சேர்ந்து 44 கிராம். நான்கு கிராமால் இரண்டு வீட்டுக்கும் இல்லை என்றாகிவிட்டது.

"சேரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; நினைவூட்டுவதுபோலத்தான் சொன்னார். மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். அட்டை ஒன்றாக இருக்கும்வரை குடும்பம் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கையில் மே மாதத்திலிருந்து அவர் வட்டி கட்டுவதை நிறுத்தியிருந்தார். அவர் மட்டும் அல்ல. எங்கள் சங்கத்தில் நகை வைத்த பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள். நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கட்டுங்கள் என்று நானும் அழுத்திச் சொல்லவில்லை. கடன் தொகை ரூ.66,000. அந்த மாதங்களுக்கு ஏறிய வட்டி நான்காயிரத்துக்குச் சற்று மேல். நூறுநாள் வேலையில் அது பல வாரக் கூலி.

2022 தை அறுவடை முடிந்து அவர் நகையை மீட்க வந்தார். கடைசி வாரங்களில் இருந்தேன் நான், மார்ச்சில் ஓய்வு. பையைப் பிரித்து எடை போட்டுக் காட்டி, பேரேட்டில் கையெழுத்து வாங்கினேன். சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "அடுத்த தடவ ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட, எங்க அட்டையில எத்தனை பேருன்னு மொதல்லயே சொல்லிடணும் சார்" என்றார். பிறகு, மகனின் அட்டையைத் தனியாகப் பிரிக்க எந்த விண்ணப்பம் எழுத வேண்டும் என்று கேட்டார். உட்கார வைத்து எழுதிக் கொடுத்தேன்.